இசபெல் டீச்சரின் ழகரம்

மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் தொழிலாளர் லயத்தில் பிறந்த இசபெலுக்குப் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பாடமும் நன்றாக வந்தது. கையெழுத்து மட்டும் வரவில்லை. கொப்பியைத் திறந்து பார்த்த வாத்தியார், "கோழி கிண்டுனாகூட இதவிட நல்லா இருக்கும்" என்றார். இசபெல் அழவில்லை. வகுப்போடு சேர்ந்து தானும் சிரித்தாள். அவளுடைய குணம் அப்படி.

அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். மகளை ஹட்டனில் நடந்த தட்டச்சு வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தார். விசையைத் தட்டினால் எழுத்து தாளில் நேராக வந்து நின்றது. இனி யாரும் தன் கையெழுத்தைப் பார்க்கப் போவதில்லை என்ற சந்தோஷத்திலேயே இசபெல் மற்றவர்களை முந்திக்கொண்டு பழகினாள். எழுபதுகளின் கடைசியில் அதே ஊரில் அமிர்தநாதன் ஃபாதர் நடத்திய விடியல் நிலையத்தில் தட்டச்சு ஆசிரியையாகச் சேர்ந்தாள். டிக்கோயாவில் ஒரு தோட்டத் தொழிற்சாலைக்கு மின்சார வேலை பார்த்துக்கொண்டிருந்த றோலண்ட், நிலையத்தில் எரியாத விளக்கைப் பார்க்க வந்தான். விளக்கு எரிந்த பிறகும் ஏதாவது காரணம் சொல்லிக்கொண்டு வந்தான். அடுத்த வருஷமே கலியாணம்.

எண்பத்து நாலில் நிலையத்துக்கு ஒரு கணனி வந்தது. வெளிநாட்டில் ஏதோ ஒரு திருச்சபை, தான் பாவித்து முடித்ததை அன்பளிப்பாக அனுப்பியிருந்தது. சாம்பல் நிறத்தில் தகரப்பெட்டி மாதிரி இருந்தது. சி.பி.எம். என்ற இயக்க முறைமையில் ஓடியது. அதை யாரும் சீண்டவில்லை. பண்டாரவளையில் இருந்து வந்து நிலையத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்த லியனார்ட் மட்டும் அதன் முன்னால் உட்கார்ந்து, பேசிக் மொழியில் சின்னச் சின்ன நிரல்கள் எழுதிப் பார்த்தான். ஒருநாள் இசபெலிடம் கேட்டான்.

"டீச்சர், இந்த பிரிண்டர் எழுத்த அடிக்கல, புள்ளி புள்ளியா குத்துது. எந்த எடத்துல குத்தணும்னு நாம சொன்னா, தமிழக்கூட குத்தும். எழுத்த வரைஞ்சு தர்றீங்களா?"

"நானா? என் கையெழுத்த நீங்க பாத்ததில்லயே தம்பி!"

"கையெழுத்து வேணாம். கட்டம் போட்ட தாள் இருக்கு. கட்டத்துல புள்ளி வெச்சா போதும்."

அப்படித்தான் ஆரம்பித்தது. அகரத்தில் தொடங்கி, உயிர்மெய்யெல்லாம் சேர்த்து, ஒவ்வொரு எழுத்தையும் கட்டத்துக்குள் புள்ளிகளாக இசபெல் வைத்தாள். பெரிய எழுத்து என்பதால் ஒவ்வொன்றும் மேல்பாதி, கீழ்ப்பாதி என்று இரண்டு பட்டைகள். ஒவ்வொரு பட்டையிலும் மேலிருந்து கீழாக இருக்கும் ஒரு வரிசைப் புள்ளிகளுக்கு ஓர் எண். அந்த எண்களையும், ஓர் எழுத்துக்கு மொத்தம் எத்தனை எண் என்ற கணக்கையும் லியனார்ட் நிரலில் சேர்த்தான். அச்சு இயந்திரத்தின் மை நாடாவைக் கழற்றிவிட்டு ஸ்டென்சில் தாளைக் கொடுத்தால், ஊசிகள் எழுத்தைத் துளைத்துக் கொடுக்கும். பிறகு அதை ரோனியோ இயந்திரத்தில் மாட்டி எத்தனை பிரதி வேண்டுமானாலும் சுற்றிக்கொள்ளலாம்.

தமிழ் டைப்ரைட்டரில் இருந்தது பொடி எழுத்து. இதுவோ பஸ்ஸில் போகிறவர் ஜன்னல் வழியாகவே வாசிக்கக்கூடிய எழுத்து. மாதர் சங்கக் கூட்டம், நாடகம், அம்மன் கோயில் தீமிதிப்பு, மாதா கோயில் கொடியேற்றம் என்று மலைநாட்டுச் சுவர்களில் அந்த எழுத்து பரவியது. லியனார்ட் எண்பத்தாறில் வேலை கிடைத்து துபாய்க்குப் போய்விட்டான். நிரல் இசபெலிடம் தங்கியது.

எண்பத்தொன்பதில் பழைய கணனிக்கு உடம்புக்கு முடியாமல் போனது. ஹட்டன் குளிரும் ஈரமும் அதன் டிஸ்க் பகுதிக்குள் இறங்கிவிட்டன. காலையில் நன்றாக எழும்பும். கொஞ்ச நேரத்தில் திரை உறைந்துவிடும். அமிர்தநாதன் ஃபாதர் எங்கெங்கோ எழுதிக் கேட்டு, டொஸ் என்ற புதிய இயக்க முறைமையோடு ஒரு புத்தம் புதுக் கணனியை வாங்கிவிட்டார். அதைக் கொண்டுவந்து பூட்டிய கொழும்புக் கம்பனிக்காரத் தம்பி, பழைய வேலையெல்லாம் இதில் தாராளமாக ஓடும் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

அவன் போன பிறகு இசபெல் பழைய டிஸ்க்கை எடுத்துப் புதியதில் போட்டாள். புதியது அதைத் தொட்டுப் பார்த்தது, உறுமியது, வாசிக்க முடியவில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னது. மறுபடியும் போட்டாள். மறுபடியும் அதே பதில்தான்.

கம்பனிக்குத் தந்தி போனது. அப்போது நாட்டில் ஹர்த்தால், ஊரடங்கு என்று பாதை எப்போது திறக்கும் எப்போது மூடும் என்று யாருக்கும் தெரியாத காலம். நிலைமை சரியானதும் ஆள் வருவார் என்று பதில் வந்தது.

அந்த வாரம்தான் பொகவந்தலாவையில் இருந்து அழகுமுத்து வந்து சேர்ந்தார். தோட்டத்து மாரியம்மன் கோயில் நிர்வாக சபைச் செயலாளர். வாய் ஓயாத மனிதர். கம்பளித் தொப்பியைக் கழற்றாமலே உட்கார்ந்தார்.

"டீச்சர், வைகாசியில திருவிழா. போன வருஷம் அடிச்ச மாதிரியே பெரிய எழுத்து நோட்டீஸ் வேணும். எழுத்து பெருசா இருந்தாத்தான் நம்ம சனம் நின்னு பாக்குது."

"அண்ணே, பழைய மெஷின் படுத்துக்கிச்சு. புது மெஷினுக்குத் தமிழ் வர மாட்டேங்குது."

"புதுசுக்கு வராதா? எங்க தோட்டத்துக்குப் புதுசா வந்த தொரைக்கும் வரல. ரெண்டு மாசத்துல பழகிட்டாரு. நீங்க பழக்கி விடுங்க டீச்சர்."

சொல்லிவிட்டு, கொடுத்த பிளேன்டீயைக் குடித்துவிட்டு, நோட்டீஸுக்கான வாசகத்தை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். முடியாது என்று சொல்ல இசபெலுக்கு இடமே கிடைக்கவில்லை.

அன்று சாயங்காலம் றோலண்டிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"டிஸ்க்க வாசிக்க முடியலன்னா போகட்டும்" என்றான் அவன். "உள்ள இருக்கிறத வெளிய எடுக்க வேற வழி இல்லையா?"

"பழசுல இருந்து தாள்ல அடிச்சு எடுக்கலாம். ஆனா பாதியில உறைஞ்சு போகுதே."

"ஈரந்தானே? கோழிக்குஞ்சுக்கு வெக்கிற மாதிரி ஒரு பல்ப வெச்சு சூடு காட்டுவோம்."

மறுநாள் பழைய கணனியின் பக்கத்தில் ஒரு மரப்பெட்டியும், பெட்டிக்குள் ஒரு மின்குமிழும் வந்தன. இதமான சூடு பட்டதும் கணனி நீண்ட நேரம் தாங்கியது. நிரலின் வரிகள் துண்டு துண்டாகத் தாளில் இறங்கின. ஃபாதர் எட்டிப் பார்த்து, "எத்தன முட்ட வெச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பிறகு அந்தத் தாள்களைப் பார்த்துப் புதிய கணனியில் தட்டத் தொடங்கினாள். வரிக்கு வரி எண்கள். மற்றவர்களுக்கு அது தண்டனை. இசபெலுக்கு அது வழக்கமான வேலை. தன் மாணவிகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டே விரல்களை ஓடவிட்டாள். பேசிக் மொழி புதியதிலும் இருந்தது. கொஞ்சம் பேச்சு வழக்குத்தான் வித்தியாசம். சில சொற்களைப் புதியது ஏற்கவில்லை, அதன் கைநூலைப் பார்த்து மாற்றினாள். ஓரிடத்தில் மட்டும் மொத்தக் கணனியும் அப்படியே நின்றுபோனது. அந்த வரி பழைய கணனியின் நினைவகத்தில் ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தொடுவதற்காக லியனார்ட் எழுதியது. புதியதில் அதே இடத்தில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள் என்பது அவளுக்குப் புரிந்தது. அந்த வரியைத் தூக்கினாள். கணனி நிற்காமல் ஓடியது.

முதல் வரி தாளில் இறங்கியபோது வகுப்பே கூடி நின்றது. "அம்மா அப்பா அண்ணன் தம்பி" என்றுதான் தட்டியிருந்தாள். பழைய எழுத்து, அப்படியே பழைய எழுத்து! பிள்ளைகள் கைதட்டினார்கள். ஃபாதர் யாரையோ அனுப்பி வடை வாங்கிவரச் சொன்னார்.

வடை வருவதற்குள் இசபெல் அழகுமுத்துவின் நோட்டீஸைத் தட்டிவிட்டாள். தாள் வெளியே வந்தது. எல்லாரும் குனிந்து பார்த்தார்கள்.

"திருவி" வரை நன்றாக இருந்தது. அடுத்து வந்த ழகரத்தின் வயிற்றில் ஒரு கோடு. அதை ஒட்டி ஆங்கிலத்தில் ஓர் H. அந்த H கீழ்ப்பட்டையில் புகுந்து உட்கார்ந்துகொண்டதால், அதற்குப் பிறகு வந்த எழுத்துகளின் கால்கள் எல்லாம் வலப்பக்கம் தள்ளிப் போயிருந்தன. தலை ஓரிடம், கால் ஓரிடம். "பூஜை"யிலும் ஜகரத்துக்குப் பின்னால் ஏதோ ஒரு சுழி.

இரண்டு நாளில் நோட்டீஸை வாங்க வந்த அழகுமுத்து தன் பெயரைத்தான் முதலில் தேடினார்.

"ஐயோ டீச்சர், எனக்கு இங்கிலீஷ் பேரு வெச்சிட்டீங்களே! அH... அHகுமுத்து! நம்ம ஃபாதரே இப்படி ஞானஸ்நானம் குடுத்ததில்ல."

அன்று மின்சாரக் கம்பி பார்க்க வந்திருந்த றோலண்ட் சிரித்தான். "நம்ம ஆளுங்க வாயில வராத எழுத்து, மெஷினு வாயிலயும் வரல. அம்புட்டுத்தான்."

"ளகரத்த போட்டுரலாமே" என்றார் அழகுமுத்து. "பேசுறப்ப எல்லாம் ஒண்ணுதானே?"

"திருவிளான்னு போட்டா, கீழ என் பேரையும் சேத்துப் போடுங்க" என்றாள் இசபெல். "மஸ்கெலியாவுல இருந்து எங்க வாத்தியாரு பெரம்போட வருவாரு."

ஃபாதர் ஒரு யோசனை சொன்னார். ழகரமே இல்லாமல் நோட்டீஸை எழுதிவிட்டால் என்ன? பேனாவை எடுத்து அவரே உட்கார்ந்தார். பிரசங்கம் எழுதிப் பழகிய கை. திருவிழாவை உற்சவம் ஆக்கினார். பூஜையைப் பூசை ஆக்கினார். "அனைவரையும் அன்புடன் அழைக்கிறோம்" என்பதை அடித்துவிட்டு "அனைவரும் வருக" என்று போட்டார். "அம்பாள் எழுந்தருளி" என்பது "அம்பாள் வலம் வந்து" ஆனது. "நிகழும் சுக்கில வருடம்" என்பதில் முதல் சொல்லை வெட்டினார். மற்ற மூன்று பேரும் சுற்றி நின்று பார்த்தார்கள். பேனா அடுத்த வரியில் நின்றுவிட்டது.

"வெள்ளிக்கிழமை" என்றார் ஃபாதர் மெதுவாக.

"தேதி மட்டும் போடலாமே?" என்றான் றோலண்ட்.

"சனங்க தேதியா பாக்குது? கெழமையத்தான் பாக்கும்" என்றார் அழகுமுத்து.

"வெள்ளின்னு மட்டும் போடுவோம். தெரியும்தானே?" என்றார் ஃபாதர்.

"சரி, அத விடுங்க. என் பேர என்ன செய்வீங்க?"

ஃபாதர் நாடியைத் தடவினார். "தலைவர் கந்தப்பன் பேர மட்டும் போட்டா..."

அழகுமுத்து தொப்பியைக் கழற்றினார். அவர் தொப்பியைக் கழற்றியதை அதுவரைக்கும் யாரும் பார்த்ததில்லை. "ஃபாதர், கந்தப்பனுக்கு நோட்டீஸ் எங்க அடிக்கிறாங்கன்னுகூடத் தெரியாது. பஸ் ஏறி ரெண்டு தடவ வந்தது நான்!"

அறையில் சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது. அழகுமுத்துவே கடைசியில் சிரித்துவிட்டார். ஆனால் இசபெலுக்கு உள்ளே ரோசம் வந்துவிட்டது. அம்மன் கோயில் நோட்டீஸ் மட்டுமா? தமிழ் என்று எழுத முடியாது, வாழ்த்து சொல்ல முடியாது, மழை பெய்கிறது என்றுகூட எழுத முடியாது. மழையே பெய்யாத நாடா இது?

"ரெண்டு நாள் குடுங்க அண்ணே. உங்க பேர முழுசா போட்டுத் தர்றேன்."

அன்று அவள் எழுத்துகளை ஒவ்வொன்றாக அச்சிட்டுப் பார்த்தாள். எந்த எழுத்து கெடுகிறது, எது கெடவில்லை? உயிரெழுத்தில் ஒன்றும் பழுதில்லை. மெய்யில் ககரம் முதல் வரிசையாக வந்தாள். ழகரக் குடும்பம் முழுக்கக் கெட்டது. ஜகரக் குடும்பமும் கெட்டது. மற்ற எல்லாம் சுகமாக இருந்தன. நிரல் முழுவதும் பழுதாக இல்லை என்பதே அவளுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அந்தப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டால் போதுமே.

ழகரத்தின் கீழ்ப்பட்டை எண்களை எடுத்து வைத்துக்கொண்டாள். கடைசி எண் 72. கணனியின் கைநூலில் கடைசிப் பக்கத்தில் ஓர் அட்டவணை இருந்தது; ஒவ்வோர் எழுத்துக்கும் கணனி வைத்திருக்கும் எண். 72க்கு நேரே பார்த்தாள். H.

அப்படியென்றால் H எங்கிருந்தோ வந்த விருந்தாளி இல்லை. ழகரத்தின் கடைசிப் புள்ளி வரிசைதான் அது. படமாக விழவேண்டிய எண், படத்துக்கு வெளியே தள்ளப்பட்டதால் ஆங்கில எழுத்தாக விழுந்திருக்கிறது. ஜகரத்தின் கடைசி எண்ணைப் பார்த்தாள். 64. அட்டவணையில் அதற்கு நேரே அதே சுழி இருந்தது.

மஸ்கெலியா பஸ்ஸில் தினமும் தொங்கிக்கொண்டு போய் வந்தவளுக்கு அதைப் புரிந்துகொள்ள அதிக நேரம் ஆகவில்லை. நிறைந்த பஸ்ஸில் நடுவில் யாரோ ஒரு ஆள் புதிதாக நுழைகிறான். மிதிபலகையில் நின்றவன் வெளியே விழுகிறான். வயிற்றில் தெரிந்த அந்தக் கோடுதான் நுழைந்த ஆள். அவனை ஏற்றிக்கொண்டது யார்?

ழகரத்தின் எண்களையும் ஜகரத்தின் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டிலும் இருந்து, மற்ற எந்த எழுத்திலும் இல்லாத எண் ஒன்றே ஒன்றுதான்: 13. அட்டவணையில் 13க்கு நேரே எழுத்து எதுவும் இல்லை. வரியின் தொடக்கத்துக்குத் திரும்பு என்ற கட்டளை இருந்தது. 10க்கு நேரே, தாளை ஒரு வரி ஏற்று என்ற கட்டளை.

இசபெல் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள். டைப்ரைட்டரில் வரி முடிந்ததும் கைப்பிடியைத் தள்ளினால் இரண்டு வேலை நடக்கும்: உருளை வரியின் தொடக்கத்துக்குத் திரும்பும், தாளும் ஒரு வரி ஏறும். டொஸ் அதையேதான் செய்கிறது. 13 என்று கேட்டதும், "ஓ, வரி முடிந்துவிட்டது" என்று நினைத்துக்கொண்டு, யாரும் கேட்காமலே பின்னால் ஒரு 10ஐச் சேர்த்து அனுப்புகிறது. பழைய கணனி அப்படி இல்லை. கொடுத்ததைக் கொடுத்தபடி அச்சு இயந்திரத்திடம் சேர்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தது. புதியதற்கு உதவி செய்யும் ஆசை கொஞ்சம் கூடுதல்.

"அது நல்ல மெஷினுதாங்க" என்று றோலண்டிடம் சொன்னாள். "பக்கத்து வீட்டு அக்கா மாதிரி. நாம கேக்காமலே கொழம்புல உப்பு போட்டுட்டுப் போகுது."

"சரி, அக்காவ எப்படித் தடுக்கிறது?"

"தெரியலயே. ஆனா 13ன்னு சொல்லாமலே இருந்துட்டா?"

கட்டத்தாளில் ழகரத்தை மறுபடி வரைந்தாள். 13 என்ற எண் வந்தது ஒரு நெடுவரிசையில் மூன்று புள்ளிகள் இருந்ததால். கீழே இரண்டுக்கு நடுவில் ஓர் இடம் காலியாக இருந்தது. அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்தாள். 13 பதினைந்தாக மாறியது. 15க்கு அப்படி எந்த வேலையும் கிடையாது. ழகரத்தின் வளைவு கொஞ்சம் சதைபிடித்தது. பார்க்க லட்சணமாகவே இருந்தது. ஜகரத்துக்கும் ஒரு புள்ளி.

பிறகு அவள் தட்டியது "மழை, வாழை, தாழை, கிழமை, அழகுமுத்து" என்று. அச்சு இயந்திரம் கிறீச்சிட்டுக்கொண்டு போய்வந்தது. தலையும் காலும் சேர்ந்து, ஆங்கிலக் கலப்பில்லாமல், ஐந்து சொற்களும் தாளில் நின்றன. இசபெல் தாளைக் கிழித்தெடுத்துக்கொண்டு ஃபாதரின் அறைக்கு ஓடினாள். அவர் யாரோ ஒரு தம்பதிக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தார். சண்டை போட்டுக்கொண்டு வந்த அந்த இரண்டு பேரும் ஒன்றும் புரியாமல் தாளைப் பார்த்தார்கள். "வாசிங்க" என்றார் ஃபாதர் அவர்களிடம். புருஷன், "மழ, வாழ..." என்று வாசித்தான். பெண்சாதி சிரித்துவிட்டாள்.

நோட்டீஸ் அழகுமுத்து எழுதிக்கொடுத்த வாசகத்திலேயே அச்சானது. ஃபாதர் தன் உற்சவத்தைக் கொஞ்சம் மனவருத்தத்தோடு விட்டுக்கொடுத்தார். அழகுமுத்து ரோனியோ மை காயும் முன்னே கட்டை வாங்கிக்கொண்டு போனார்.

திருவிழாவுக்கு முன்பே பாதை திறந்தது. கொழும்புக் கம்பனித் தம்பியும் வந்து சேர்ந்தான். இசபெல் செய்ததைக் கேட்டுவிட்டு அவன் விழுந்து விழுந்து சிரித்தான். பாதிச் சிங்களமும் பாதி ஆங்கிலமுமாக அவன் சொன்னது இதுதான்: அச்சு இயந்திரத்தை வேறு விதமாகத் திறக்கச் சொல்லி நிரலில் ஒரு வரி மாற்றினால், டொஸ் எதையும் சேர்க்காது, இதற்காக மொழியின் எழுத்தையே மாற்றின ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். இசபெலும் சேர்ந்து சிரித்தாள். அவன் சொன்ன வரியைப் போட்டுப் பார்த்தார்கள். பழைய 13ம் ஒழுங்காகப் போனது. அந்த வரியை அவள் வைத்துக்கொண்டாள். புதிய புள்ளியையும் எடுக்கவில்லை. கொஞ்சம் சதைபிடித்த ழகரம்தான் தூரத்தில் நன்றாகத் தெரிந்தது.

திருவிழா வெள்ளிக்கிழமை இசபெலும் றோலண்டும் பொகவந்தலாவைக்குப் பஸ் ஏறினார்கள். வளைவுக்கு வளைவு, கடைச் சுவர்களிலும் மதகுகளிலும் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. கோயில் முற்றத்தில் மேளம் காதைப் பிளந்தது. அழகுமுத்து அவர்களைக் கூட்டத்துக்குள் இழுத்துக்கொண்டு போய், சபைத் தலைவர் கந்தப்பனுக்கு முன்னால் நிறுத்தினார்.

"இவங்கதான் டீச்சர். புது மெஷினுக்குத் தமிழ் படிச்சுக் குடுத்தவங்க."

கந்தப்பன் கும்பிட்டார். "அப்படியா? அடுத்த வருஷம் எம்பேரையும் கொஞ்சம் பெருசா போடுங்க டீச்சர். இவரு பேரு மட்டும் பளிச்சுனு தெரியுது."

அதற்குள் யாரோ வாழையிலை போட்டுவிட்டார்கள். றோலண்ட் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டான். இசபெல் செருப்பை ஓரமாக விட்டுவிட்டு அவன் பக்கத்தில் இடம் பிடித்தாள்.